மணத்துக்கு மூளை தரும் பதிலை ஒளியால் அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கொரோனா காலத்தில் பலர் விரல்நுனியில் மாட்டிப் பார்த்த ஆக்ஸிமீட்டர் நினைவிருக்கும். இரண்டு அலைநீள ஒளியை விரலுக்குள் அனுப்பி, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அது கணக்குப் போடும். அதே தத்துவத்தை நெற்றிக்குக் கொண்டுபோனால், மூளையின் மேற்பரப்பில் இரத்த ஓட்டம் கூடுவதையும் குறைவதையும் பார்க்கலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ் 1977-ல் இதற்கு வழிகாட்டினார். அண்மை அகச்சிவப்பு ஒளி தோலையும் மண்டையோட்டையும் கடந்து மூளைவரை போய்த் திரும்புகிறது என்று அவர் காட்டினார். இன்று இந்த முறையை எஃப்நிர்ஸ் என்கிறார்கள்.

பேசும்போது, கணக்குப் போடும்போது, கைவிரலைத் தட்டும்போது மூளை எப்படி இயங்குகிறது என்று பார்க்க எஃப்நிர்ஸ் நிறையவே பயன்படுகிறது. மணத்துக்குப் பயன்படுத்துவோர் குறைவு. கருவியை இயக்கப் பழகுவது ஒரு வார வேலைதான். மணத்தைச் சரியாகக் கொடுப்பதும், மூச்சு செய்யும் குழப்பத்தை விலக்குவதும்தான் இதில் கடினம். பல ஆய்வுகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. அதனால் ஒளியைவிட மூக்குக்கும் மூச்சுக்கும் இங்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

## எதைப் பார்க்க முடியும், எதை முடியாது

முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மணத்துக்கான முதல்கட்ட வேலை நடக்கும் இடங்கள் மூக்குக்கு மேலே இருக்கும் நுகர்குமிழ், பிரிஃபார்ம் புறணி, அமிக்டலா ஆகியவை. மூன்றும் மூளையின் அடிப்பகுதியில் ஆழமாக இருக்கின்றன. பெரியவர்களின் தலையில் ஒளியூட்டியையும் ஒளி உணரியையும் 3 செ.மீ. இடைவெளியில் வைத்தால், ஒளி வாழைப்பழ வடிவப் பாதையில் போய் ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. ஆழத்திலிருந்து திரும்பும். பிரிஃபார்ம் புறணிக்கு அது எட்டவே எட்டாது. எட்டியது என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

எட்டக்கூடியது அடுத்த கட்டம். கண்குழிகளுக்கு மேலே மூளை உட்கார்ந்திருக்கும் பகுதியை ஆர்பிடோஃப்ரான்டல் புறணி என்கிறோம். இந்த மணம் பிடிக்கிறதா, முன்பு முகர்ந்ததா, சாப்பிடலாமா என்பதெல்லாம் அங்கே எடைபோடப்படுகிறது. அதன் பெரும்பகுதி கண்குழியின் கூரைமேல் படிந்திருப்பதால் ஒளிக்கு எட்டாது. ஆனால் முன்விளிம்பும் பக்கவாட்டு விளிம்பும், அவற்றை ஒட்டிய கீழ் நெற்றிமடிப்பும் ஓரளவு எட்டும்.

இதில் நமக்குச் சாதகமான ஒரு செய்தி உண்டு. நோவாம் சோபலும் உடனிருந்தோரும் 1998-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட எம்.ஆர்.ஐ. ஆய்வில், மூச்சை இழுத்து முகரும் செயலும் மணத்தை உணர்வதும் வெவ்வேறு பகுதிகளைத் தூண்டுவதாகக் கண்டார்கள். மணமே இல்லாமல் வெறுமனே முகர்ந்தாலும் பிரிஃபார்ம் புறணியும் ஆர்பிடோஃப்ரான்டலின் உட்புற, பின்புறப் பகுதிகளும் விழித்துக்கொண்டன. மணம் என்ற பொருளுக்குப் பதில் தந்தவை முக்கியமாக அதன் பக்கவாட்டு, முன்புறப் பகுதிகள். ஒளிக்கு எட்டும் வாய்ப்புள்ளவையும் அவைதான்.

அப்படியென்றால் எம்.ஆர்.ஐ.யையே பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். பயன்படுத்தலாம், ஆழம் பார்க்க அதுதான் வழி. ஆனால் அந்தக் கருவி இரைச்சலானது, உள்ளே படுத்தே இருக்க வேண்டும், சைனஸ் காற்றறைகளுக்கு அருகில் இருப்பதால் ஆர்பிடோஃப்ரான்டல் பகுதியில் அதன் சிக்னலும் அடிக்கடி மங்கிப்போகும். எஃப்நிர்ஸில் நாற்காலியில் உட்கார்ந்தபடி, சத்தமில்லாமல், பச்சைக்குழந்தையைக்கூட அளக்கலாம். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த மார்கோ பார்டோச்சியின் குழு 2000-ல் பிறந்து சில மணிநேரம் முதல் சில நாட்களே ஆன சிசுக்களுக்கு வனிலா மணத்தையும் தாயின் சீம்பாலின் மணத்தையும் காட்டி, நெற்றிப் பகுதியில் ஆக்சிஜன் ஏறிய இரத்தம் கூடுவதைப் பதிவுசெய்தது. சிசுவின் தோலும் எலும்பும் மெல்லியவை என்பதால், ஒளி உள்ளே போவது அங்கே இன்னும் எளிது.

## மணங்களைத் தேர்ந்தெடுப்பது

நெடி அடிக்கும் பொருட்களைத் தவிருங்கள். கற்பூரம், யூகலிப்டஸ், மென்தால், அம்மோனியா போன்றவை நுகர்நரம்பை மட்டும் தொடுவதில்லை. குளிர்ச்சி, எரிச்சல், குத்தல் ஆகியவற்றை உணரும் முக்கிளை நரம்பையும் தூண்டுகின்றன. அந்த நரம்பு தூண்டப்பட்டால் நெற்றித் தோலின் இரத்த ஓட்டமும் இதயத் துடிப்பும் மாறும், கண்ணில் நீர்கூட வரும். நீங்கள் அளப்பது மணமா, எரிச்சலா என்று அப்புறம் பிரிக்க முடியாது.

மணத்தை மட்டும் தருபவை என்று பரவலாக ஏற்கப்பட்டவை ஃபீனைல் எத்தில் ஆல்கஹால், வனிலின் இரண்டும். முன்னது ரோஜா மணம்; பன்னீரை முகர்ந்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். பிடிக்காத மணத்துக்கு ஐசோவலேரிக் அமிலத்தை நன்றாக நீர்க்கவைத்துப் பயன்படுத்தலாம். நாள் முழுவதும் போட்ட சாக்ஸின் நாற்றம் அதற்கு. மூன்றாவதாகக் கட்டாயம் வேண்டியது வெற்றுக் குப்பி. மற்ற இரண்டும் எந்தக் கரைப்பானில் கரைந்திருக்கின்றனவோ, அது மட்டும் இதில் இருக்கும். புரோப்பிலீன் கிளைக்கால் அல்லது மணமற்ற மினரல் ஆயில் போதும். வெற்றுக் குப்பி இல்லாத ஆய்வைத் தொடங்கவே வேண்டாம்.

மல்லிகையை வைக்கலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆசை நியாயமானது. ஆனால் மல்லிகை ஒற்றைப் பொருள் அல்ல; பென்சைல் அசிடேட், லினலூல், இன்டோல் என்று பல சேர்ந்தது. கூடவே அது திருமணம், கோயில், அம்மாவின் கூந்தல் என்று ஆளுக்கு ஒரு நினைவையும் இழுத்து வரும். நினைவையே ஆராய்வதென்றால் அது அருமையான தேர்வு. அடிப்படைப் பதிலை அளக்க அது வேண்டாம்.

இரண்டு மணங்களும் ஒரே அளவு தீவிரமாகத் தோன்ற வேண்டும். இல்லையென்றால் பிடித்தது, பிடிக்காதது என்ற வேறுபாட்டுக்குப் பதில் வலுவானது, மெலிதானது என்ற வேறுபாட்டைத்தான் அளப்பீர்கள். ஆய்வில் சேராத சிலரை முகரவைத்து, தீவிரத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்டு, இரண்டும் நெருங்கும்வரை செறிவை மாற்றுங்கள். கரைசல்களைப் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் குளிர்பெட்டியில் வைத்து, அடிக்கடி புதிதாகத் தயாரித்துக்கொள்ளுங்கள்.

## மூக்குவரை மணத்தைக் கொண்டுசேர்ப்பது

பஞ்சில் நனைத்து மூக்கருகே நீட்டுவது சோதனைக்கு உதவாது. கை வருவது கண்ணுக்குத் தெரியும், மணம் எந்த நொடியில் வந்தது என்றும் தெரியாது. மணத்தைக் குறித்த நொடியில், குறித்த அளவில் மூக்குக்கு அனுப்பும் ஆல்ஃபாக்டோமீட்டர் என்ற கருவி வேண்டும். விலைக்கு வாங்க வசதியில்லாத ஆய்வகத்தில் நாமே கட்டிக்கொள்ளலாம்: சீராக ஓடும் காற்றுப் பம்பு, அதைச் சுத்திகரிக்கக் கரி வடிகட்டி, ஈரப்பதம் சேர்க்க ஒரு தண்ணீர்க் குப்பி, ஓட்டத்தை அளக்க ஃப்ளோமீட்டர், திறந்து மூட சோலனாய்டு வால்வுகள், அவற்றை இயக்க ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை. மணக் குப்பிகள் கண்ணாடியாகவும் குழாய்கள் டெஃப்லானாகவும் இருக்கட்டும். ரப்பரும் சிலிகானும் மணத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொண்டு அடுத்த சுற்றில் கசியவிடும்.

மூக்குக்கு வரும் மொத்தக் காற்றின் அளவு ஒருபோதும் மாறக் கூடாது. மணக் காற்று சேரும்போது அதே அளவு சுத்தக் காற்று நிற்க வேண்டும். சேர்த்து மட்டும் அனுப்பினால், மூக்கில் காற்று படும் தொடு உணர்வே ஒரு தூண்டலாகிவிடும்.

வால்வு திறக்கும்போது வரும் ‘டிக்’ ஒலியைச் சிறிய விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். மணம் வரப்போகிறது என்பதற்கான அறிவிப்பு அது. அதைக் கேட்ட மாத்திரத்தில் மனம் காத்திருக்கத் தொடங்கும். எதிர்பார்ப்புக்கும் நெற்றிப்புறணிதான் வேலை செய்யும். வால்வுப் பெட்டியைப் பக்கத்து அறையில் வையுங்கள், பங்கேற்பவரின் காதில் மெல்லிய இரைச்சலை ஓடவிடுங்கள், வெற்றுக் குப்பிக்கும் அதே போன்ற வால்வையே பொருத்துங்கள்.

பெட்டி தள்ளிப் போனால் குழாய் நீளும், மணம் தாமதமாக வரும். அதைக் கணக்கிடலாம்: 2 மீட்டர் நீளமும் 4 மி.மீ. உள்விட்டமும் உள்ள குழாயில் சுமார் 25 மி.லி. காற்று நிற்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட்டம் என்றால் அதைத் தள்ளி வெளியேற்ற முக்கால் நொடி ஆகும். வால்வு திறந்த நேரத்தோடு இதைக் கூட்டித்தான் மணம் தொடங்கிய நேரமாகக் குறிக்க வேண்டும். வாயுவை உணரும் ஃபோட்டோஅயனைசேஷன் டிடெக்டர் கிடைத்தால் நேரடியாக அளந்துவிடுங்கள். மூக்கருகே வந்த காற்றை வெளியேற்ற ஓர் உறிஞ்சு விசிறியும் தேவை. அறையில் மணம் தங்கிவிட்டால் வெற்றுச் சுற்றுக்கும் மணம் வந்துவிடும்.

## மூச்சு

நம் சோதனையின் மையச் சிக்கல் இது. மூச்சு இழுக்காமல் மணம் ஏறாது. அந்த மூச்சே மூளையின் இரத்த ஓட்டத்தை மாற்றுகிறது. மூச்சைப் பிடித்தால் இரத்தத்தில் கரியமில வாயு கூடி மூளை நாளங்கள் விரியும். வேகவேகமாக மூச்சு விட்டால் அது குறைந்து நாளங்கள் சுருங்கும். ஒரே ஓர் ஆழ்ந்த மூச்சுகூடத் தோலின் நாளங்களைச் சுருக்கும். இவை எல்லாமே எஃப்நிர்ஸில் பதிவாகும்.

மனித இயல்பு இன்னும் சிக்கலாக்கும். நல்ல மணம் வந்தால் யாரும் சொல்லாமலே நீளமாக இழுப்போம். நாற்றம் வந்தால் மூச்சு உடனே குறுகிவிடும், சிலர் பிடித்தும் வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் பன்னீருக்கும் சாக்ஸுக்கும் இடையே நீங்கள் காணும் வேறுபாடு மூளையின் தீர்ப்பா, நீள மூச்சுக்கும் குறு மூச்சுக்கும் உள்ள வித்தியாசமா? வழக்கமான மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 16 என்பதால் 0.2 முதல் 0.27 ஹெர்ட்ஸில் இருக்கும், வடிகட்டினால் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். சீரான மூச்சுக்கு அது சரி. மணத்தோடு சேர்ந்து மாறும் மூச்சின் விளைவு, மூளையின் பதில் இருக்கும் அதே மெதுவான அலைவெண்ணில்தான் வந்து உட்காரும். எந்த வடிகட்டியாலும் இரண்டையும் பிரிக்க முடியாது.

எனவே மூச்சை அளந்தே ஆக வேண்டும். மார்பில் ஒரு மூச்சுப்பட்டை, மூக்குத்துளையருகே காற்றின் வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டர். இரண்டும் மலிவானவை. பங்கேற்பவர் திரையில் மெதுவாகப் பெரிதாகிச் சிறிதாகும் வட்டத்தோடு சேர்ந்து மூக்கு வழியாக மூச்சுவிடட்டும். எல்லாச் சுற்றிலும், வெற்றுச் சுற்று உட்பட, வட்டத்தின் வேகம் ஒன்றே. மூச்சை வெளிவிட்டு முடிக்கும் தருணத்தில் வால்வைத் திறந்தால், அடுத்த இழுப்பின் தொடக்கத்திலேயே மணம் சேரும். பிரதான சோதனைக்கு முன்பு சில நிமிடம் வட்டத்தோடு பழகவிடுங்கள். பழகாதவர்கள் அளவுக்கு மீறி இழுத்துத் தலைசுற்றுகிறது என்பார்கள்.

வசதி இருந்தால் வெளிமூச்சின் கரியமில வாயுவையும் அளக்கலாம். இல்லாவிட்டாலும் மூச்சின் ஆழமும் நேரமும் சுற்றுவாரியாகக் கையில் இருந்தால் போதும். பிடித்த மணம், பிடிக்காத மணம், வெற்றுக் குப்பி ஆகிய மூன்று நிலைகளிலும் மூச்சு ஒரே மாதிரி இருந்தது என்று காட்டும் ஒரு வரைபடம், மூளை வரைபடங்கள் பலவற்றைவிட உங்கள் முடிவுக்கு வலு சேர்க்கும்.

## பங்கேற்பவர்கள்

ஆய்வக நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில். இந்தியாவில் என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளின்படி எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்குங்கள். ஆஸ்துமா, மணத்தால் தூண்டப்படும் ஒற்றைத் தலைவலி, சளி, மூக்கடைப்பு இருப்போரையும் கர்ப்பிணிகளையும் தவிருங்கள். கொரோனாவுக்குப் பிறகு முகர்வு குறைந்தது தெரியாமலே நடமாடுபவர்கள் இருக்கிறார்கள். ‘ஸ்னிஃபின் ஸ்டிக்ஸ்’ போன்ற ஒரு முகர்வுச் சோதனையை எல்லோருக்கும் வைத்துவிடுங்கள்.

வருவதற்கு முதல்நாளே சொல்லிவிட வேண்டியவை சில உண்டு. சென்ட், பூ, மணமுள்ள தலை எண்ணெய் வேண்டாம். சோதனைக்கு ஒரு மணிநேரம் முன்பிருந்து தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம்; காபி நாளங்களைச் சுருக்கும் என்பதால் அன்று காலை அதையும் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் ஒளிமுனைகள் (ஒளியூட்டியும் ஒளி உணரியும்) உட்காரும் அதே நெற்றியில்தான் திருநீறும் குங்குமமும் சந்தனமும் இருக்கும். வந்த பிறகு அழிக்கச் சொன்னால் மனம் நோகும். முன்பே காரணத்தோடு கேட்டுக்கொண்டால் யாரும் மறுப்பதில்லை, சோதனை முடிந்ததும் இட்டுக்கொள்ளக் கண்ணாடி ஒன்றும் வைத்திருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கருமையான தோலும் அடர்ந்த கருமுடியும் இந்த ஒளியை அதிகம் உறிஞ்சும். சிக்னல் பலவீனம் என்று அவர்களைக் கணக்கிலிருந்து நீக்குவது எளிது; உலகெங்கும் அப்படித்தான் நீக்கிவந்திருக்கிறார்கள். அதன் விளைவு, வெளுத்த தோல் உள்ளவர்களின் மூளையையே மனித மூளை என்று எழுதிக்கொண்டிருப்பது. ஒளியின் சக்தியை ஆளுக்கு ஆள் சரிசெய்யுங்கள், முடியை மெல்லிய குச்சியால் வகிர்ந்துவிடுங்கள், பொருத்துவதற்கு அரைமணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். அப்படியும் நீக்க நேர்ந்தால் எத்தனை பேரை, ஏன் என்று எழுதுங்கள்.

## ஒளிமுனைகளை வைப்பது

760, 850 நானோமீட்டர் என்ற இரண்டு அலைநீளங்கள் வழக்கத்தில் உள்ளன. முதலாவதை ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபினும், இரண்டாவதை ஆக்சிஜன் ஏறியதும் அதிகமாக உறிஞ்சும். 800-க்கு அருகில் இரண்டும் சமம்.

இடத்தைக் கண்ணளவில் தீர்மானிக்காதீர்கள். மூக்கின் வேர்ப்பள்ளத்திலிருந்து பின்மண்டைப் புடைப்புவரை டேப்பால் அளந்து, அதில் பத்தில் ஒரு பங்கு மேலே வந்தால் நெற்றியின் நடுப்புள்ளி கிடைக்கும், அளந்த நீளம் 36 செ.மீ. என்றால் அது 3.6 செ.மீ. அங்கிருந்து இருபுறமும் எஃப்பி1, எஃப்பி2, ஏஎஃப்7, ஏஎஃப்8, எஃப்7, எஃப்8 என்று மூளை ஆய்வுகளில் வழங்கும் இடக்குறிப் புள்ளிகளைக் குறியுங்கள். கீழ் வரிசை புருவத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும், நம் கவனம் பக்கவாட்டில் இருக்கட்டும். நடுநெற்றியில் புருவத்துக்குப் பின்னால் சைனஸ் காற்றறை இருக்கிறது. அதன் அளவு ஆளுக்கு ஆள் மாறும், ஒளியின் பாதையையும் மாற்றிவிடும். எந்த ஒளியூட்டி-உணரி இணை எந்தப் பகுதியைத் தொடும் என்று முன்கூட்டியே பார்க்க ‘ஃபோல்ட்’ என்ற இலவச மென்பொருள் உதவும்.

3 செ.மீ. இணைகளோடு 8 மி.மீ. குறுகிய இணைகளையும் கட்டாயம் சேருங்கள். அவற்றின் ஒளி தோலோடு திரும்பிவிடும், மூளைக்குப் போகாது. தோலில் நடப்பதை மட்டும் தனியாக அளக்க அதுவே வழி. 2011-ல் தகஹாஷியும் உடனிருந்தோரும் சொல் சொல்லும் சோதனையில் நெற்றியில் கிடைத்த சிக்னலின் பெரும்பகுதி தோலின் இரத்த ஓட்டமே என்று காட்டினார்கள். அதற்குப் பிறகும் குறுகிய இணை இல்லாமல் நெற்றியை அளப்பதில் பொருளில்லை.

பொருத்தியதும் 850 அலைவரிசையைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். இதயத் துடிப்பு நொடிக்கு ஒன்றாகத் தெளிவாகத் தெரிந்தால் தொடர்பு நன்றாக இருக்கிறது. தெரியாத இணையைச் சரிசெய்த பிறகே தொடங்குங்கள். மேலே கறுப்புத் துணி போர்த்தி வெளிச்சத்தைத் தடுங்கள்.

முகத்தைப் படம்பிடிக்கும் ஒரு கேமராவும் வேண்டும். நாற்றம் வந்தால் மூக்கு சுளிக்கும், புருவம் நெரியும், நெற்றித் தோலோடு ஒளிமுனையும் நகரும். இந்த அசைவு பிடிக்காத மணத்தில் மட்டும், ஒவ்வொரு முறையும், சரியான நேரத்தில் வரும் என்பதால் மூளையின் பதில் போலவே தோற்றமளிக்கும்.

## நேர அமைப்பு

மணம் 8 நொடி, இடைவெளி 25 முதல் 35 நொடிவரை மாறி மாறி. மூன்று நிலைகளுக்கும் தலா 12 சுற்றுகள். மொத்தம் 36 சுற்றுகளை இரண்டு பாதியாகப் பிரித்தால் ஒரு பாதி சுமார் 11 நிமிடம், நடுவில் ஓய்வு. ஒரே மணம் தொடர்ந்து இருமுறைக்கு மேல் வராதபடி வரிசையைக் கலைத்துவிடுங்கள்.

இடைவெளியை மாற்றிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் உண்டு. இரத்த அழுத்தம் ஏறத்தாழ 10 நொடிக்கு ஒருமுறை தானாகவே ஏறி இறங்கும். மேயர் அலை என்பார்கள். சுற்றுகள் சீரான இடைவெளியில் வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். நீண்ட இடைவெளி மூக்கு பழகிப்போவதையும் குறைக்கும். பிடித்தமும் தீவிரமும் பற்றிய மதிப்பெண்ணைச் சுற்றின் கடைசி நொடிகளில் பொத்தானால் வாங்குங்கள், வாயால் சொல்லவைத்தால் தாடைத் தசை அசையும்.

## தரவைச் சுத்தம் செய்து படிப்பது

ஹோமர்3, எம்.என்.இ.-நிர்ஸ் போன்ற இலவச மென்பொருட்களில் எல்லாம் செய்யலாம். மூல ஒளி அளவை ஒளியடர்த்தியாக மாற்றுங்கள். அசைவுத் தடங்களைத் திருத்துங்கள். கேமராவில் சுளிப்பு பதிவான சுற்றுகளை ஒருமுறை சேர்த்தும் ஒருமுறை விலக்கியும் பாருங்கள். அப்புறம், உறிஞ்சப்பட்ட ஒளியிலிருந்து செறிவைக் கணக்கிடும் திருத்தப்பட்ட பீர்-லாம்பர்ட் விதியால் ஹீமோகுளோபின் மாற்றங்களாக மாற்றுங்கள். ஒளி நேர்கோட்டில் போகாமல் சிதறித் திரிவதால், பாதை நீளத்துக்கான காரணியை வயதுக்கேற்பக் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு அது 6-ஐ ஒட்டி இருக்கும்.

பிறகு பொது நேரியல் மாதிரி; சிக்னலில் எந்தக் காரணிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லும் புள்ளியியல் முறை அது. மணம் வந்த நேரங்கள், குறுகிய இணைகளின் சிக்னல், மூச்சின் ஆழம், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் ஒரே மாதிரிக்குள் வையுங்கள். முதலில் வடிகட்டிவிட்டு அப்புறம் தோல் சிக்னலைக் கழிப்பது என்று துண்டு துண்டாகச் செய்தால் பிழை சேரும். நீங்கள் ஒப்பிட வேண்டியது மணத்தையும் ஓய்வையும் அல்ல; மணத்தையும் வெற்றுக் குப்பியையும். காற்றும் கவனமும் மூச்சும் இரண்டிலும் ஒன்றே, மணம் மட்டும்தான் வேறு.

மூளையின் உண்மையான பதில் பெரியவர்களில் இப்படி இருக்கும்: மணம் வந்து சில நொடிகளில் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் மெல்ல உயரும், ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபின் அதைவிடச் சிறிய அளவில் குறையும். இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் அது தோல் அல்லது இரத்த அழுத்தத்தின் வேலை என்று சந்தேகப்படுங்கள். சிசுக்களில் இந்த வடிவம் மாறலாம். அதே கரோலின்ஸ்கா குழு 2001-ல் குறைமாதச் சிசுக்களுக்கு மருத்துவமனைக் கரைசல்களின் நெடியைக் காட்டியபோது ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் குறைந்ததைக் கண்டது. அதனால் கூடுமா குறையுமா என்று எதிர்பார்க்கும் திசையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுத்தான் தரவைத் திறக்க வேண்டும்.

எழுதும்போது இரண்டு ஹீமோகுளோபின்களையும் காட்டுங்கள். ஏறியதை மட்டும் காட்டி இறங்கியதை விட்டுவிடும் பழக்கம் போக வேண்டும். குப்பிகளின் செறிவு, காற்றோட்டத்தின் அளவு, குழாயின் தாமதம், மூன்று நிலைகளின் மூச்சு வரைபடம், நீக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை ஆகியவை முதன்மைக் கட்டுரையிலேயே இருக்கட்டும். தரவை எஃப்நிர்ஸுக்கான பொதுக் கோப்பு வடிவமான ஸ்னிர்ஃபில் பொதுவில் வையுங்கள். முடிவு வாக்கியத்தில் ‘நுகர்புறணி’ என்று எழுதாமல், எந்த ஒளி இணையில், நெற்றியின் எந்தப் புள்ளிகளுக்கிடையே, வெற்றுக் குப்பியைவிட எவ்வளவு மாற்றம் என்று எழுதுங்கள்.